காற்றுப் படாத அறை

"ராத்திரி வேர்க்குதுன்னா ஃபேன் போட்டுக்க வேண்டியதுதானேம்மா?" என்றார் டாக்டர் பெரியநாயகி.

"நாங்க படுக்கறது தறி ரூம்ல, அங்க ஃபேனா! பாவு நூலு காத்துல காஞ்சு இழை அறுந்துபோவும் மேடம். அப்புறம் எங்க வூட்டுக்காரரு என்னை அறுத்துடுவாரு."

கலாவதி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கொஞ்ச நாளாகவே விடிந்தால் தலையணை நனைந்து கிடந்தது. ஜாக்கெட்டைப் பிழியலாம் போல இருந்தது. ஜன்னல் சாத்திய அறை, புழுக்கம் என்று அவள் விட்டுவிட்டாள். எதிர்வீட்டு பட்டம்மாளோ, 'தீட்டு நிக்கிற வயசு, அப்படித்தான் வேர்க்கும்' என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். மார்கழிப் பனியிலும் வேர்வை நிற்காமல் போகவேதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"சுகர் இல்ல. தைராய்டும் சரியா இருக்குது." டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிடித்த கை இறங்கவே இல்லை. "பக்கத்துல படுக்கிற உங்க வீட்டுக்காரருக்கு வேர்க்குதா?"

கலாவதி யோசித்துப் பார்த்தாள். சிவபாலன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டல்லவா தூங்குகிறான்!

"டி.பி.ம்மா. சளியிலயும் கிருமி வந்திருக்குது. மாத்திரையை விடாம சாப்பிட்டா குணமாயிடும். ஆனா சாத்தின ரூம்ல நீங்க இருமினா, கிருமி அங்கேயேதான் சுத்தும். வேற யார் படுக்கறாங்க அங்க?"



"எம் பொண்ணு... பிரசவத்துக்கு வந்திருக்கா. பச்ச ஒடம்பு, காத்து படக் கூடாதுன்னு கொழந்தையையும் நான்தான் அங்க படுக்கவெச்சேன்."

பெரியநாயகியின் முகம் மாறியது. "போன் போடுங்க, ஸ்பீக்கர்ல. உடனே."

மறுமுனையில் தறிச் சத்தத்துக்கு நடுவே மகள் அபிநயா.

"ஜன்னலைத் தொறடி!"

"பாவு அறுந்துடும்மா, அப்பா கத்துவாரு..."

"அறுந்து போவட்டும்! தொற! கொழந்தையைத் தூக்கிக்கினு வெளிய வா!"

ஜன்னல் கிறீச்சிட்டது. தறி நின்றது. சிவபாலன் ஏதோ கத்தினான். பிறகு அபிநயாவின் குரல், மெதுவாக:

"யம்மா, கொழந்த துணியெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்குது."

"ஒண்ணுக்குப் போயிருப்பான்டி."

"இல்லம்மா. தலை, கழுத்தெல்லாம் வேர்வை. இருமிக்கினே இருக்கான்... ரூம் புழுக்கம்தானேம்மா?"

கலாவதி டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

பெரியநாயகி எழுந்து கதவைத் திறந்து, ஆம்புலன்ஸை அனுப்பச் சொல்லி நர்ஸிடம் கத்தினார்.