அப்புறம் கேட்டால் பரோட்டா

வயிறு இரைந்த சத்தம் முன்பெஞ்சு முனியராஜுக்கே கேட்டுவிட்டது. “டீச்சர், சினேகா வயித்துக்குள்ள மில்லு ஓடுது” என்றான். ஏழாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. சினேகா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அடியில் பலமில்லை.

காலையிலிருந்து வெறும் பச்சைத்தண்ணீர்தான். தீபாவளி சீசன். அம்மா இருளம்மாள் விடிவதற்குள் வெடிக் கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். அப்பா சங்கிலிமுத்து பானையில் கிடந்த பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டார். சினேகா எழுந்தபோது பானை கவிழ்ந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு உண்டு. ஆனால் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்கு ஏறிவிட்டால் காலையில் பசிக்காது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

கரும்பலகையில் கீர்த்திகா டீச்சர் ஒரு மலை வரைந்திருந்தார். அடிவாரத்தில் தொடக்கம், ஏற்றத்தில் சிக்கல், உச்சியில் உச்சம், இறக்கத்தில் முடிவு. கதை என்றால் மலை ஏறி இறங்க வேண்டுமாம். விருதுநகரிலிருந்து எம். புதுப்பட்டிக்கு பஸ்ஸில் வந்து போகிற தமிழ் டீச்சர் அவர். போன வாரம் ஒரு பந்தயம் கட்டியிருந்தார்: “ஒங்க கதையைக் கேக்கும்போது என்னை மறந்து நான் ‘அப்புறம்?’னு கேட்டுட்டேன்னா, எங்க ஊரு எண்ணெய் பரோட்டா வாங்கித் தருவேன்.”

அன்றிலிருந்து சினேகாவின் கண்ணுக்கு மலை தெரியவில்லை. பரோட்டாதான் தெரிந்தது. அத்தை கல்யாணத்துக்குத் துணி எடுக்க விருதுநகர் போனபோது ஒரே ஒரு தடவை தின்றது. எண்ணெயில் முறுகிப் பொரிந்து, பிய்த்தால் நொறுங்கி, மேலே சால்னா ஊற்றினால் சொய்யென்று கேட்கும்.

டீச்சர் பிள்ளைகள் எழுதிய தாள்களை எடுத்தார். முதலில் முனியராஜுடையதை வாசித்தார்.

“‘அம்மா கம்பெனிக்குப் போனார். வேலை செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. வேனில் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் சோறு சாப்பிட்டோம்.’”

அடுத்த தாளிலும் அதே கதை, அம்மாவுக்குப் பதில் அப்பா. அதற்கடுத்ததில் அக்கா. சினேகாவின் தாளில் அம்மாவும் அப்பாவும் போய்விட்டு வந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

“ஏன்டா, எல்லாரும் பாத்து எழுதினீங்களா? சிக்கல் எங்க? ஒரு கதையிலகூடவா ஒண்ணும் நடக்கல?”

முனியராஜ் எழுந்தான். “நடந்தா அது கதையில்ல டீச்சர். பேப்பர்ல வரும்.”

யாரும் சிரிக்கவில்லை. சாயங்காலம் வேன் வந்து நின்றதும் புதுப்பட்டிப் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: “இன்னைக்கு என்னம்மா?” இறங்குகிறவர்கள் சொல்வதும் ஒன்றுதான்: “ஒண்ணுமில்ல.” அதைவிட நல்ல செய்தி அந்த ஊரில் கிடையாது. பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததிலேயே நல்ல கதையைத்தான் எழுதியிருந்தார்கள்.

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். ‘சிக்கல்’ என்ற வார்த்தையை அழித்துவிட்டு அந்த இடத்தில் ‘வேணும், கிடைக்கல’ என்று எழுதினார்.

“யாருக்கும் அடிபட வேண்டாம். எதுவும் வெடிக்க வேண்டாம். ஒருத்தருக்கு ஒண்ணு வேணும், அது லேசில கிடைக்கல. அம்புட்டுதான் கதை. சொல்லுங்க, யாருக்கு என்ன வேணும்?”

சினேகா யோசித்துச் சொல்லவில்லை. வயிறு முந்திக்கொண்டது. “உப்புமா.”

“எந்த நாட்டு ராணிக்குடீ உப்புமா வேணும்?” என்றான் முனியராஜ்.

“எனக்குத்தாம்லே. இன்னைக்குக் காலையில.”

“எந்திரிச்சுச் சொல்லு” என்றார் டீச்சர்.

“தம்பி பாண்டி தின்னு முடிச்சதும் அவன் தட்டை வாங்கிக்கிட்டு மூணாப்பு வரிசையில போயி நின்னேன் டீச்சர். என் பழைய அஞ்சாப்பு சட்டையை மேல மாட்டிக்கிட்டு, முட்டியை மடக்கிக் குட்டையா ஆயிட்டேன்.” மடக்கிக் காட்டினாள். “சட்டை பத்தல. மூச்சை இழுத்துப் பிடிச்சுத்தான் பொத்தானே போட்டேன். வரிசை நகரவே மாட்டேங்குது. எனக்கு மூச்சு முட்டுது.”

நிறுத்தினாள்.

“அப்புறம்?” என்றது வகுப்பு. டீச்சர் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

“சமையல்கார ராக்காயி அக்கா கரண்டியும் கையுமா குனிஞ்சு என் மூஞ்சியப் பாக்காக. ‘ஏட்டி, யாரு நீ? மூணாப்புல இம்புட்டு நெட்டையா?’ன்னாக. நான் பயந்து மூச்சை விட்டுட்டேன். பொத்தான் டப்புன்னு தெறிச்சு, மேல போயி…”

மறுபடி நிறுத்தினாள்.

“அப்புறம்? எங்க போயி விழுந்துச்சு?” டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“பரோட்டா!” என்று முனியராஜ் பெஞ்சின் மேல் ஏறினான். வகுப்பே அலறியது. அந்த நேரம் பார்த்து மதியச் சாப்பாட்டு மணியும் அடித்தது. சினேகா தட்டைத் தூக்கிக்கொண்டு பறந்தாள்.

“ஏய், முடிவைச் சொல்லிட்டுப் போ!”

“சோத்துக்குப் பெறகு டீச்சர்!”

டீச்சர் பின்னாலேயே வந்துவிட்டார். சினேகா முட்டையை வாயில் போட்டு, இரண்டு கவளம் உள்ளே போன பிறகுதான் பேசினாள்.

“சாம்பாருக்குள்ள விழுந்துச்சு. ராக்காயி அக்கா கரண்டியால துழாவி எடுத்து, பொத்தானை மட்டும் என் தட்டுல போட்டாக. ‘பட்டியல்ல பேரு இல்லாத பிள்ளைக்குப் போட்டா என் வேலை போயிரும் தாயி’ன்னாக.”

“அப்புறம்?” இந்தத் தடவை டீச்சரின் குரல் இறங்கியிருந்தது.

“அப்புறம் என்ன, மத்தியானம் வரைக்கும் ஒங்க மலையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

டீச்சருக்குச் சிரிப்பு பொங்கியது. சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் வேன் வந்தது. அலுமினியப் பொடி அப்பிய கையோடு அம்மா இறங்கினாள்.

“இன்னைக்கு என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. ஒனக்கு?”

“எனக்கு இருக்கு” என்று சினேகா முட்டியை மடக்கிக் காட்டி ஆரம்பித்தாள். கை கழுவப் போன அம்மா பொத்தான் தெறித்த இடத்தில் அப்படியே நின்று, “அப்புறம்?” என்றாள். முடிவைக் கேட்டதும் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. “நாளையிலருந்து ஒனக்குன்னு தனியா எடுத்து மூடி வைக்கேன். ஒங்கப்பன் அதுல கை வைக்கட்டும் பாப்போம்.”

மறுநாள் சோறு இருந்தது. பரோட்டா மட்டும் வரவில்லை. டீச்சர் இரண்டு தடவை ‘அப்புறம்?’ கேட்டதற்கு ஏழாம் வகுப்பே சாட்சி. கீர்த்திகா டீச்சர் சினேகாவுக்கு இரண்டு எண்ணெய் பரோட்டா, சால்னாவோடு, இன்னும் பாக்கி.