மலைக்கு அளந்த எஞ்சின்

அதைக் கார் என்று சொல்வதா, காரின் மிச்சம் என்று சொல்வதா என்பதில் பண்டாரவளை பஜாரில் இரண்டு கட்சி இருந்தது. பழைய மினி. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் கோழி அடைந்துகொண்டிருந்ததை ரஜீவும் இன்பாஸும் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வந்த நாளிலிருந்து அதிலிருந்து எதையாவது கழற்றி எறிவதே இருவருக்கும் வேலையாகிவிட்டது. பின்சீட் போனது. கதவுக்குள் இருந்த இரும்பு போனது. கண்ணாடி போய் பிளாஸ்டிக் தகடு வந்தது. கடைசியில் இரண்டு ஆள் பின்பக்கத்தைத் தூக்கிச் சந்துக்குள் திருப்பி வைக்கிற அளவுக்கு அது இளைத்துப்போனது.

"இன்னும் கொஞ்சம் கழட்டுங்கோ, கையில புடிச்சிட்டே ஓடலாம்" என்றார் இன்பாஸின் வாப்பா மொஹிதீன். அவருடைய உதிரிப்பாகக் கடையின் பின்கொட்டகையில்தான் இத்தனை கூத்தும் நடந்தது. பேச அவருக்கு உரிமை உண்டு.

இன்பாஸ் கடையைப் பார்க்கிறவன், காரை ஓட்டுகிறவன். ரஜீவ் எஞ்சினைச் செய்கிறவன். பூனாகலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டுப் பிள்ளை. ஒரு டியூஷன் வகுப்பின் பின்வரிசையில் பழகிய இருவரும் முப்பது தாண்டியும் பின்வரிசைக்காரர்களாகவே இருந்தார்கள். அவர்களுக்கு அதில் வெட்கமும் இல்லை.

உடம்பு இளைத்தால் போதாது, மூச்சு பெருக்க வேண்டும் என்பது ரஜீவின் கொள்கை. பழைய எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் குடைந்து, பெரிய பிஸ்டன் போட்டான். மேலே மூடுகிற ஹெட்டைக் கொஞ்சம் சீவி, காற்று நெருக்கமாக அமுங்கும்படி செய்தான். அதோடு விட்டானா? ஹெட்டைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் பூனாகலைக்குத் தூக்கிப்போய், லயத்து வாசலில் உட்கார்ந்து, காற்று போகிற துவாரங்களை மூங்கில் குச்சியில் சுற்றிய எமரித் தாளால் தேய்த்தான். மழை பெய்தாலும் தேய்த்தான், வெயில் அடித்தாலும் தேய்த்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கிய ஊசியில் மண்ணெண்ணெய் நிரப்பி ஹெட்டில் உள்ள ஒவ்வொரு குழியிலும் விட்டு, நான்கும் ஒரே அளவு குடிக்கிறதா என்று பார்த்தான். ஒன்று கொஞ்சம் கூடக் குடித்தால் மற்ற மூன்றையும் தேய்ப்பான்.

"சோத்துலயும் மண்ணெண்ண வாட அடிக்குது" என்றாள் அவன் அம்மா கருப்பம்மா. "அந்த இரும்புக்கும் ஒரு தட்டு போடட்டுமா?"

"போடும்மா. அதுவும் காலைல இருந்து சாப்புடல" என்றான் அவன்.

எஞ்சின் முதன்முதலில் சத்தம் போட்ட நாளில் மொஹிதீன் கடையை விட்டு ஓடிவந்து பார்த்தார். எதுவும் சொல்லாமல் திரும்பிப்போய் உட்கார்ந்தார். அவர் எதுவும் சொல்லாததே பெரிய பாராட்டு.

ஓட்டிப் பார்ப்பது விடியும் வேளையில். பெரகலைச் சந்தியில் முதல் கடைக்காரர் அடுப்பு மூட்டும்போது அவர்கள் லொறியிலிருந்து காரை இறக்குவார்கள். பொலிஸ் பார்க்காதா என்று கேட்காதீர்கள், பொலிஸும் பனிக்குள் உறங்குகிற நேரம் அது. அங்கிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வளைவு ஒவ்வொன்றிலும் பனிமூட்டம் படுத்திருக்கும். இன்பாஸ் அதற்குள் நுழைவான். ரோடு தெரியாது, மலை தெரியாது, தன் கை தெரிந்தால் உண்டு. ஈரக்காற்றை எஞ்சின் இழுப்பதும் அவன் நெஞ்சு இழுப்பதும் ஒன்றாகிவிடும். எங்கே வளைவு வருகிறது என்று கண் சொல்லாது, கால் சொல்லும். பனி பிளந்து வழி விடும், பின்னால் திரும்பவும் மூடிக்கொள்ளும். மேலே ஏறியதும் திடீரென்று வெயில் கொட்டும், கீழே உலகம் முழுக்கப் பாலாகக் கிடக்கும். அந்நேரம், ஓட்டினோமா, கனவில் கிடந்தோமா என்று அவனுக்கே நிச்சயமிருக்காது.

விடிகாலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற தோட்டத்துப் பெண்கள் காரை ஒருநாளும் கண்டதில்லை. சத்தத்தை மட்டும் கேட்பார்கள். "பனி ஓடுது, ஓரமா வாங்கடி" என்று ஒதுங்கி நிற்பார்களாம். இதை ரஜீவின் அம்மாதான் வந்து சொன்னாள். இன்பாஸுக்கு அந்த வார்த்தை நாள் முழுக்க இனித்தது.

தியத்தலாவைப் பந்தயத்தில் அவர்கள் வென்றது ஊருக்கே தெரியும். அன்று கொழும்பிலிருந்து ஷுக்ரி ஹாஜியார் வந்திருந்தார். பந்தயக் கார்களுக்கென்றே கராஜ் வைத்திருப்பவர். மினியின் முன்மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ரஜீவின் கையைப் பிடித்துத் திருப்பி, நகக்கண்ணில் ஏறியிருந்த கருப்பைப் பார்த்தார்.

"கீழே கடலோரத்தில எங்கட ஓடுபாதைக்கு இதக் கொண்டு வாங்க" என்றார். "அங்கேயும் இது இப்பிடி ஓடினா, நீங்க என்னோட வந்திடுங்க தம்பி. எஞ்சின் பகுதி முழுக்க உங்க பொறுப்பு."

ரஜீவ் தலையாட்டினான். சரி என்றும் ஆகாமல் இல்லை என்றும் ஆகாமல் அந்தத் தலை ஆடியது. இன்பாஸ் பக்கத்தில் நின்று சிரித்தான். சிரித்த வாய் வலித்தது.

வீட்டில் அவன் மனைவி றின்ஸா சுற்றி வளைக்காமல் கேட்டாள். "அவரு கொழும்புக்குப் பெய்த்தா நீங்க என்ன செய்வீங்க?"

"கடை ஈக்கிதானே, அதப் பாத்துக்கொள்ளுவேன்."

"கடையில நீங்க எப்ப ஈந்தீங்க?" என்று அவள் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவன் பயந்திருந்தான். ரஜீவ் போய்விட்டால் விடியற்காலை இருக்காது, பனி இருக்காது. ஆணியும் பிரேக் எண்ணெயும் கேட்டு வருகிற முகங்கள்தான் மிஞ்சும். இதை யாரிடம் சொல்ல முடியும்? சிநேகிதன் முன்னேறுவதற்கு அழுகிறவன் என்று பெயர் வாங்கவா?

புறப்படும் முந்திய நாள் மாலை கொட்டகையில் ரஜீவின் சாமான் பெட்டியை இன்பாஸ் அடுக்கினான். அப்போதுதான் கவனித்தான், பெட்டியில் பெரிய ஜெட் இல்லை.

ஜெட் என்பது காபரேட்டருக்குள் பெற்றோல் போகிற பித்தளைத் திருகு. கடுகுகூட நுழையாத ஓட்டை அதில் இருக்கும். மலையில் காற்று மெலிசு, மெலிசான காற்றுக்குக் கொஞ்சம் பெற்றோல் போதும், சின்ன ஓட்டை போதும். கடலோரத்தில் காற்று தடிப்பு. அங்கே ஓட்டை பெரிதாக இல்லாவிட்டால் பெற்றோல் பத்தாமல் எஞ்சின் உள்ளே கொதிக்கும், பிஸ்டனே உருகி ஓட்டை விழும். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கீழிருந்து ஏறிவந்த பழைய வேன்கள் அப்புத்தளையில் கரும்புகை கக்கினால் சின்ன ஜெட் கேட்டு இன்பாஸின் கடைக்குத்தான் வரும். இறங்கிப் போகிறவர்கள் பெரியதைக் கேட்டு வாங்கிப் போவார்கள். அவன் வாப்பா கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்.

ரஜீவ் மறந்துவிட்டான். இன்பாஸ் கடைக்குள் போய் மேசை லாச்சியை இழுத்து, அந்த எஞ்சினுக்குப் பொருந்தும் பெரிய ஜெட் இரண்டை எடுத்தான். கொட்டகைக்குத் திரும்பினான். ரஜீவ் சக்கரத்தை இறுக்கிக்கொண்டு ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தான். இன்பாஸ் வாயைத் திறந்தான், மூடினான். ஜெட் இரண்டும் பெட்டிக்குள் போகவில்லை. சட்டைப் பைக்குள் போயின.

மறுநாள் லொறி பெரகலையில் திரும்பிக் கீழே இறங்கியது. அல்துமுல்லை தாண்டியதும் குளிர் விட்டது. பலாங்கொடையில் வியர்த்தது. ரஜீவ் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒவ்வொரு வளைவிலும் இன்பாஸின் மனசு அவனைக் குத்தியது. அடுத்த வளைவில் சொல்கிறேன் என்று அவன் அதற்குச் சமாதானம் சொன்னான். பிறகு வளைவுகளே முடிந்துபோய் ரோடு நேராகிவிட்டது.

ஓடுபாதை கடலை ஒட்டி, வெள்ளை வெயிலில் ஆள்நடமாட்டம் குறைந்து கிடந்தது. ஷுக்ரி ஹாஜியார் குடை நிழலில் நாற்காலி போட்டிருந்தார். இன்பாஸ் ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டை இறுக்கி, மெல்ல ஒரு சுற்று வந்தான். இரண்டாம் சுற்றில் வேகம் கூட்டினான். இங்கே பனி இல்லை, மறைவு இல்லை, எல்லாம் தெரிந்தது. நேர்ப்பாதையில் அக்சிலரேட்டரில் காலை முழுக்க அழுத்தினான். அப்போது கேட்டது அந்தச் சத்தம், தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைக் குலுக்கினாற்போல. எஞ்சின் கொதிக்கத் தொடங்கிவிட்டது.

இன்னும் கொஞ்ச தூரம் காலை எடுக்காமல் இருந்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும், ரஜீவ் தன்னோடு லொறியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு நொடியில் இன்பாஸுக்குத் தெரிந்தது லயத்து வாசலும், மூங்கில் குச்சியும், நான்கு குழியும் ஒரே அளவு குடிக்க வேண்டும் என்று அடம்பிடித்த அந்த முகமும்தான். மனசு கேட்கவில்லை. காலை எடுத்தான். எஞ்சினை அணைத்து, கார் தானாக உருண்டு வந்து நிற்கட்டும் என்று விட்டான்.

ரஜீவ் ஓடிவரவில்லை. நடந்து வந்தான்.

"ஜெட் சின்னது மச்சான்" என்றான் இன்பாஸ்.

"தெரியும்."

"மறந்துட்டியா?"

"நான் எத மறந்திருக்கேன்?" ரஜீவ் டயரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "வேணும்னுதான் எடுத்து வைக்கல. ஹாஜியார்கிட்ட வரமாட்டேன்னு சொல்ல வாய் வரல. ஒன்கிட்ட போறேன்னு சொல்லவும் வாய் வரல. எஞ்சினே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"எஞ்சின் செத்திருக்கும்டா."

"செத்திருக்கும். ஊருக்குப் போயிருப்போம்."

இன்பாஸ் சட்டைப் பையில் கைவிட்டு ஜெட் இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் காட்டினான். ரஜீவ் அதைப் பார்த்தான், அவனைப் பார்த்தான்.

"இது எப்ப இருந்து பாக்கெட்ல இருக்கு?"

"பண்டாரவளையில இருந்து."

ஒரே களவை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால் யார் யாரைத் திட்டுவது? கடலிலிருந்து காற்று வந்து இருவரின் முகத்திலும் ஈரமாக அப்பியது.

"மாத்து" என்றான் இன்பாஸ்.

ரஜீவ் அசையவில்லை. சரி என்று இன்பாஸே முன்மூடியைத் திறந்து, காபரேட்டர் மூடியைக் கழற்றி, சின்ன ஜெட்டை எடுத்துவிட்டுப் பெரியதை வைத்துத் திருகினான். விற்கத் தெரிந்த கைக்குப் பூட்டத் தெரியவில்லை. திருகின் புரி கோணலாக ஏறியது, கை சூட்டில் பட்டுச் சுட்டது. ஊதிக்கொண்டு திரும்பவும் திருகினான். கிர்ரென்று பித்தளை அழுதது.

ரஜீவ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், நின்றான், அப்புறம் தாங்கவில்லை. "தள்ளு மச்சான். புரிய நாசமாக்கிறாத" என்று குனிந்துவிட்டான். ஜெட் இரண்டும் சத்தமில்லாமல் இடத்தில் உட்கார்ந்தன. ஸ்பார்க் நேரத்தையும் ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளிவைத்தான். மூடியை அடைக்கும்போது இன்பாஸின் முகத்தைப் பார்க்காமலே அடைத்தான்.

இன்பாஸ் திரும்பவும் ஓட்டினான். நேர்ப்பாதையில் காலை அழுத்தினான், கூழாங்கல் சத்தம் வரவில்லை. வந்தது வேறொன்று. கார் அவனை முதுகில் பிடித்துத் தள்ளியது. இன்னும் அழுத்தினான், இன்னும் இருந்தது. பெரகலை வளைவுகளில் முடிந்துபோகிற இடத்துக்கு அப்பாலும் எஞ்சினிடம் மூச்சு மீதி இருந்தது. அந்த இளைத்த தகரக் கூடு தரையைத் தொடுகிறதா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் தென்னையும் கரைந்து நீலமும் பச்சையுமாக ஓடின. சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. இத்தனை காலம் மலையில் அது ஓடியது முக்கால் மூச்சில்தான். மெலிசான காற்றைக் கொடுத்துக் கொடுத்து, அதுதான் அதன் முழுப் பலம் என்று அவன் நம்பிவிட்டான். ரஜீவ் எதைச் செய்துவைத்திருக்கிறான் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் கண்ணீர் வந்து, துடைக்க வழியில்லாமல் வாய்க்குள் உப்புக் கரித்தது. சந்தோஷமும் துக்கமும் ஒரே ருசியில்தான் இருந்தன. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

வந்து நிறுத்தியபோது ஷுக்ரி ஹாஜியார் நாற்காலியை விட்டு எழுந்து வெயிலில் நின்றிருந்தார். ரஜீவ் குனிந்து காருக்குள் பார்த்தான்.

"எப்பிடி மச்சான்?"

"மேல நாம இத ஓட்டவே இல்ல" என்றான் இன்பாஸ்.

ரஜீவ் என்னவோ சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறான். அவனை இத்தனை வருஷம் பார்த்த இன்பாஸுக்கு அது தெரியாதா? ஹெல்மெட்டைக் கழற்றி, நனைந்த முகத்தோடு ஹாஜியாரைப் பார்த்து முந்திக்கொண்டு கேட்டான்.

"இவன எப்ப வேலைக்கு வரச் சொல்றீங்க, ஹாஜி?"