கோஷம் திக்குவதில்லை

மதியழகனுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கவே கூடாது. ஊரில் எத்தனையோ பெயர் இருக்க, அவன் நாக்குக்கு எமனாக வாய்த்த எழுத்தில் தொடங்குவதையா தேடிப் பிடிக்க வேண்டும்? பிள்ளைக்குத் திக்குவாய் வரும் என்று பெற்றவர்கள் கனவா கண்டார்கள்? யாராவது பெயர் கேட்டால் போதும், "ம... ம... ம..." என்று முகம் சிவந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கன்றுக்குட்டி என்று பட்டம் கட்டினார்கள். பி.காம். முடித்து வேலை கேட்டுப் போன இடங்களில், அவன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் "சரிப்பா, சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு மோட்டார் சாமான் கடையில், வாடிக்கையாளர் கண்ணில் படாத பின்கட்டில், பார்சல் கட்டும் வேலை கிடைத்தது.

திக்குவாய்க்காரன் பிடித்ததைத் தின்ன முடியாது. வாய்க்கு வருவதைத்தான் தின்ன வேண்டும். சரளமாகப் பேசுகிறவர்களுக்குத் தெரியாத சங்கதி இது. மதிக்குக் கொய்யா ஜூஸ் என்றால் உயிர். ஆனால் அந்தச் சொல்லும் வராது. போகிற கடையிலெல்லாம் "லெமன்" என்று சொல்லிக் குடித்துவிட்டு வருவான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருந்த குர்ஷித் பேகத்திடம் மட்டும்தான் கொய்யா கேட்பான். அவள் அவன் பேச்சை முடித்துக் கொடுக்க மாட்டாள். ஐயோ பாவம் என்று பார்க்கவும் மாட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். அவன் சொல்லி முடித்த பிறகுதான் பழத்தைத் தொடுவாள். என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

அவள் கடைவாசலில் நின்றபோதுதான் அந்த ஊர்வலம் வந்தது. ஏதோ ஓர் இயக்கம், கையில் கொடி, முன்னால் ஒருவர் மைக்கோடு. நெரிசலில் மதியும் உள்ளே இழுபட்டான். "மறக்க மாட்டோம்! மன்னிக்க மாட்டோம்!" என்று கூட்டம் கத்தியது. அவனும் சும்மா வாயைத் திறந்தான். மடை திறந்தது போல எல்லாச் சொல்லும் வந்தது. ஒரு தடங்கல் இல்லை. மணிக்கூண்டு வரை கத்திக்கொண்டே போனான். அழுகையும் வந்தது.

பலரோடு சேர்ந்து சொன்னால் திக்காது என்று வைத்தியர்கள் சொல்வார்கள். மதிக்கு யாரும் சொல்லவில்லை. இயக்கம் கொடுத்த வரம் என்றே நினைத்தான். அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான். பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த ஊர்வலம் எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்தான்.

மாவட்டப் பொறுப்பாளர் பழனிக்குமார் ஆள் அறிந்தவர். சில மாதங்களில் மைக்கை இவன் கையிலேயே கொடுத்துவிட்டார். தாளம் போட்டுச் சொல்லும் சொல்லும், திருப்பிச் சொல்ல ஆயிரம் வாயும் இருந்தால் அவனுக்கு என்ன தடை? "இயக்கத்துக்கே குரல் நீதான் தம்பி" என்றார். அந்த வார்த்தைக்காக மதி மலையிலிருந்துகூடக் குதித்திருப்பான். கோஷங்கள் மெல்ல மாறின. 'மாட்டோம்' போய் 'அடிப்போம்' வந்தது, 'உடைப்போம்' வந்தது. வாயில் வந்ததெல்லாம் நெஞ்சிலும் இறங்கியது.

"எதுக்குப்பா இம்புட்டுக் கோவம்? யாரு ஒன்ன என்ன செஞ்சா?" என்று அம்மா சிவனம்மாள் ஒருநாள் கேட்டாள். அவனுக்குக் கன்றுக்குட்டி என்று கூப்பிட்டவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கும் இயக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் யோசிக்கவில்லை.

இயக்கத்தின் கொடிக்கம்பத்தை யாரோ சாய்த்துவிட்டார்கள் என்று கடையடைப்பு அறிவித்தார்கள். நறுக்கிய பழம் வீணாகிவிடுமே என்று குர்ஷித் பேகம் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருந்தாள். "அந்தா, ஒண்ணு தெறந்திருக்கு" என்று பழனிக்குமார் கை காட்டினார். மதி மைக்கில் "மூடு மூடு, கடையை மூடு" என்று எடுத்துக் கொடுத்தான். கூட்டம் திரும்பிய பிறகுதான் அது யார் கடை என்று பார்த்தான்.

'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மைக் கையில் இருந்தது. ஆனால் இது கூட்டத்தின் சொல் இல்லை. அவன் ஒருவன் மட்டும் சொல்ல வேண்டிய சொல். உதடு நடுங்கியது, தாடை இழுத்தது, காற்றுதான் வந்தது. பழனிக்குமார் மைக்கைப் பிடுங்கி அவரே கத்தினார். முதல் கல் பறந்தது. கண்ணாடி ஜாடிகள் நொறுங்கின. ஷட்டரை இறக்கப் போன குர்ஷித் பேகத்தின் கை முறிந்தது.

சாயங்காலமே போலீஸ் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. "யாரு கேட்டாலும் ஒரே வார்த்தைதான். நாங்க அந்தப் பக்கமே போகல" என்று பழனிக்குமார் வேனிலேயே பாடம் நடத்தினார். ஸ்டேஷனில் ஒவ்வொருவரும் அதையே ஒப்பித்தார்கள். கையில் கட்டோடு குர்ஷித் பேகம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மதியின் முறை வந்தது.

"அவனுக்குப் பேச வராது சார்" என்றார் பழனிக்குமார். "அவனுக்கும் சேத்து நான் சொல்றேன். இவனும் போகல."

அவனை இயக்கத்தின் குரல் என்று சொன்ன அதே வாய். மதி ஓர் அடி முன்னால் வந்தான்.

"நா... நா... நா..." என்று தொடங்கினான். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இவனும் போகலையாம். எழுதிக்கங்க ஏட்டய்யா."

"செத்த பொறுங்க சார்" என்றாள் குர்ஷித் பேகம். "அவன் சொல்லி முடிக்கட்டும்."

மதி அவளைப் பார்த்தான். கொய்யா கேட்கும்போது எப்படி நிற்பாளோ அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

"நா... நான்தான் க... க... க... கத்துனேன். வே... வேண்டாம்னு சொல்ல வ... வரல."

பின்பாட்டுப் பாட ஒருவரும் இல்லை. சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அவள் பொறுத்திருந்தாள்.