பட்டினி போடத் தெரியாதவர்

ஈஸ்ட்டைப் பட்டினி போடுவதற்கு ஒருவருக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுகிறவர் வீட்டில் சொன்னபோது மனைவி நம்பவில்லை. "சோறு போடத்தான் ஆள் வேணும். போடாம இருக்க எதுக்கு ஆளு?" என்றாள். அவருக்கும் அதே சந்தேகம்தான். பதினோரு வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தின் பின்னறையில், இரண்டு தொட்டிகளுக்கும் நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஓர் ஆட்டோகிளேவுக்கும் நடுவில் நின்று குடுவை கழுவுகிறார். குழாயை மூடத் தெரியாதவர்கள், குடித்த கோப்பையை மைக்ரோஸ்கோப் பக்கத்திலேயே விட்டுப் போகிறவர்கள், எல்லோரும் டாக்டர்கள். ஒருவருக்கும் காய்ச்சல் பார்க்கத் தெரியாது.

ஈஸ்ட்டைப் பட்டினி போடுகிறவர் அவர்களில் கடைசியாக வந்த புது டாக்டர். பேச ஆள் கிடைக்காத ஒரு நாள் பின்னறைக்கு வந்து விளக்கினார்.

"அண்ணே, ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு நின்னா என்ன பண்ணும் தெரியுமா? தனக்குள்ள இருக்கறதையே கொஞ்சம் கொஞ்சமா சுருட்டி, நடுவுல இருக்கற பெரிய பையில கொண்டுபோய்ப் போடும். அங்க கத்திரி மாதிரி சரக்கு இருக்கு. அது துண்டு துண்டா வெட்டிடும். வெட்டினதை வச்சுத் தனக்கு வேணுங்கறதைப் புதுசா கட்டிக்கும். நான் வளக்கற ரகத்துக்கு அந்தக் கத்திரி கிடையாது. அதனால உள்ள போனது வெட்டுப்படாம பைக்குள்ள குதிச்சுக்கிட்டே கிடக்கும். கண்ணால பாக்கலாம்."

"பசிச்சா உடம்பு உடம்பைத் தின்னும்னு எனக்குத் தெரியாதா சார்? நான் மூட்டை தூக்கின காலத்துல என் கன்னம் ரெண்டும் எங்க போச்சுன்னு நினைக்கறீங்க?"

"அது வேற அண்ணே," என்று சிரித்தார் புது டாக்டர்.

வேறாம். சாப்பிட்ட வயிறு அப்படித்தான் சொல்லும்.

மூன்று வாரமாக எந்தப் பையிலும் எதுவும் குதிக்கவில்லை. பட்டினி போட்டதாகச் சொல்லப்பட்ட ஈஸ்ட்டெல்லாம் கல்யாண வீட்டுக்கு வந்தவை போல் கொழுகொழுவென்று கிடந்தன. நாலாவது வாரம் தொட்டிக்கு மேலே ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. நாற்பது வயது தாண்டி எழுத்துக் கற்றவர் அவர். நின்று, கூட்டிக் கூட்டி வாசித்தார். கண்ணாடிக் குடுவைகளில் சோப்பு தங்கிவிடுகிறது, அதனால் ஆய்வு கெடுகிறது, மாதம் முடிந்ததும் எல்லாம் பிளாஸ்டிக் என்று இருந்தது. கீழே ஆய்வுக்கூடத்தின் தலைவியான பெரிய மேடத்தின் கையெழுத்து. பிளாஸ்டிக்கை ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறிவார்கள், கழுவ வேண்டாம். கழுவுகிற ஆளும் வேண்டாம். அது தாளில் இல்லை. ஆனால் அதையும் சேர்த்து வாசிக்க அவருக்குத் தெரியும்.

கோபம் வரவில்லை. ஏனென்றால் நடப்பது என்னவென்று அவருக்குத் தெரியும்.

ஈஸ்ட்டை முதலில் சத்துத் தண்ணீரில் வளர்ப்பார்கள். அது தேநீர் நிறத்தில் இருக்கும். பிறகு இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் ஈஸ்ட் அடியில் படியும். மேலே நிற்பதைக் கொட்டிவிட்டு, வெறும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி சுழற்றிக் கொட்ட வேண்டும். இப்படி மூன்று தடவை. அதற்கப்புறம்தான் பட்டினித் தண்ணீர். கொட்டியதெல்லாம் ஒரு கழிவு பாட்டிலில் சேர்ந்து, கொதிக்க வைத்துக் கொல்வதற்காக அவரிடம் வரும். மற்றவர்களின் பாட்டில் கழுத்து வரை நிறைந்து, வெளிறிப்போய் வரும். புது டாக்டருடையது கால் பாட்டில்கூட இராது. கெட்டித் தேநீராக வரும். மனிதர் ஒரு தடவை கொட்டுவார், அவ்வளவுதான். மிச்சச் சத்து ஈஸ்ட்டோடேயே போகும். பந்தியில் உட்கார வைத்துவிட்டுப் பட்டினி கிடக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற மேதை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பெரிய மேடத்தின் அறைக்குப் போனார். புது டாக்டரும் அங்கேதான் இருந்தார்.

"மேடம், என் குடுவைல சோப்பு இல்லைங்க."

"உங்களைக் குத்தம் சொல்லலங்க. பதினோரு வருஷமா செய்யறீங்க, வயசும் ஆகுது..."

"வயசு கைக்குத்தாங்க, கண்ணுக்கு இல்ல. சார் ஈஸ்ட்டை ஒரு தடவைதான் கொட்டறாரு. அவரு கழிவு பாட்டிலைப் பாத்தாலே தெரியும்."

புது டாக்டரின் காது சிவந்தது. "அண்ணே, குப்பையப் பாத்து ஆராய்ச்சி பண்ணாதீங்க."

"நீங்க பண்றதெல்லாம் எங்கிட்ட குப்பையாத்தானே சார் வருது."

மேடம் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். கழுவுகிறவர் விடவில்லை.

"ஒண்ணு செய்யலாங்க. சார் புது பிளாஸ்டிக்ல, அவரு வழக்கமா செய்யற மாதிரியே செய்யட்டும். நான் கழுவின குடுவைல நீங்க உங்க கையால மூணு தடவை கொட்டிச் செய்யுங்க. என் குடுவைல குதிக்கலைன்னா மாசம் முடியற வரைக்கும்கூட வேண்டாம், நான் இன்னைக்கே போயிடறேன்."

மேடம் கையுறை போட்டே பல வருடமாகியிருந்தது. ஆனாலும் போட்டார். காலை பத்து மணிக்கு இருவரும் ஆரம்பித்தார்கள். மதியம் மூன்று மணிக்கு மேடம் மைக்ரோஸ்கோப்பில் முதலில் பிளாஸ்டிக்கில் இருந்த ஈஸ்ட்டைப் பார்த்தார். எதுவும் குதிக்கவில்லை. அடுத்துக் குடுவையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வந்து பாருங்க," என்று கழுவுகிறவரைத்தான் கூப்பிட்டார்.

உருண்டை உருண்டையாகச் செல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பை. பைக்குள் பொடிப்பொடியாக ஏதோ, கொதிக்கிற தண்ணீரில் கடுகு போல், நிற்காமல் துள்ளியது. தின்னவும் முடியாமல் துப்பவும் முடியாமல், தன் உடம்பையே உள்ளே வைத்துக்கொண்டு தவிக்கிற பசி. இதைப் பார்க்கவா இத்தனை படிப்பு?

"இதுதானா மேடம்?"

"இதேதான். தாளைக் கிழிச்சிடுங்க. பிளாஸ்டிக் வேண்டாம்."

புது டாக்டரிடம் மேடம் சொன்னது ஒரே வார்த்தை: "மூணு."

மறுநாள் காலை புது டாக்டர் பின்னறை வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, கழுவுகிறவர் குழாயைக்கூட நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க முதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

புது டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வந்த விஷயத்துக்கு வந்தார்.

"மூணு தடவைன்னா ஒரு மணி நேரம் போகுதுண்ணே. மெஷின்ல சுத்தறத நான் பாத்துக்கறேன். ஊத்திக் கொட்டறத மட்டும் நீங்க செஞ்சு குடுத்தீங்கன்னா... மேடத்துக்குத் தெரிய வேண்டாம்."

கழுவுகிறவர் அவரை உச்சியிலிருந்து செருப்பு வரை ஒரு முறை பார்த்தார்.

"அதுக்கெல்லாம் உங்கள மாதிரி படிச்சிருக்கணும் சார்," என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார்.