மேடென்று நம்பிய பள்ளம்

1.

இந்தக் கதையை எழுதப்போகிறேன் என்று அக்காவிடம் வாய் தவறிச் சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம். அவள் வால்நட்சத்திரங்களுக்கு ஆளில்லாக் கலம் அனுப்பும் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கதையும் அவளைப் பற்றியதுதான். ஒவ்வொரு வரைவையும் வாங்கி, சிவப்புப் பேனாவால் கீறித் திருப்பித் தருகிறாள். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் தொடக்கம்: 'வெள்ளி முந்தானை விரித்து வந்த அந்த விண்ணுலக மணமகள்—'

"கிட்டப் போய்ப் பாத்தா வால்நட்சத்திரம் அடுப்புக்கரி மாதிரி இருக்கும்டா. முந்தானையாம்."

அடித்துவிட்டேன்.

2.

சரி, நடந்ததையே சொல்கிறேன். பத்து வருடம் பறந்துபோன தாய்க்கலம் அந்தக் கரிக்கட்டியைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தது. அதிலிருந்து ஒரு சின்னக் கலம் இறங்க வேண்டும். இடம் பார்த்தவள் அக்கா. கலத்தின் பேட்டரி வெயிலில்தான் ஏறும் என்பதால், வெயில் நன்றாக விழும் ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்தாள்.

அது மேடே அல்ல. படத்தைச் சுவரில் தலைகீழாக ஒட்டியிருந்தாள். படம் தலைகீழானால் வெளிச்சம் கீழிருந்து வருவதுபோல் ஆகி, நம் கண்ணுக்குப் பள்ளம் மேடாகத் தெரியும். (வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்து விடுவார்களாம். சரிபார்த்த மூன்று பேரும் அதே சுவரின் முன்தான் நின்றிருக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல.)

கலம் பத்திரமாக இறங்கியது, நிழலில். உண்மை தெரிந்ததும், படப்பிரிவிலிருந்து படத்தை அனுப்பியவர்தான் தலைகீழாக அனுப்பிவிட்டார் என்று அறை முழுக்க முணுமுணுப்பு. பேட்டரியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலைக்குத்தான். இறங்கியதும் கலம் தோண்டிய மண்ணின் விவரத்தை அனுப்பச் சொல்லலாம். அல்லது கலத்தைத் திருப்பி வெயிலைத் தேடலாம். கிடைத்தால் மாதக்கணக்கில் உழைக்கும், கிடைக்காவிட்டால் மண்ணும் போச்சு, கலமும் போச்சு.

"இடம் நீ பாத்தது. நீயே சொல்லும்மா," என்றார் குழுத் தலைவர்.

"திருப்பிடலாம் சார்."

3.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. கட்டளை போய்ச்சேர இருபத்தெட்டு நிமிடம், பதில் வர இன்னொரு இருபத்தெட்டு. ஐம்பத்தாறு நிமிடம் கதாநாயகி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இதை வைத்துக்கொண்டு ஒருவன் என்னதான் எழுதுவான்?

முடிவு அ: வெயில் விழுகிறது. எல்லோரும் கட்டித்தழுவி—

முடிவு ஆ: பதில் இல்லை. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ—

"நான் அழவே இல்லையே."

"கதைக்காகக்கா."

"ஆறு தடவ எழுதிட்ட. அந்த ஐம்பத்தாறு நிமிஷம் நான் என்ன பண்ணேன்னு ஒரு தடவயாவது கேட்டியா?"

கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

4.

அந்த ஐம்பத்தாறு நிமிடத்தில் அவள் அறிக்கை எழுதியிருக்கிறாள். 'படம் சரியாகத்தான் வந்தது. தலைகீழாக ஒட்டியது நான். அனுப்பியவர் மேல் தவறில்லை.'

தலைவர் பதறிப்போனாராம். "பதில் வரட்டும்மா. வெயில் கெடச்சுட்டா இத யாரு கேக்கப் போறா?"

"அதனாலதான் சார் இப்பவே தர்றேன்."

நாற்பதாவது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்துவிட்டாள்.

என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், கோபித்துக்கொள்ளுங்கள். வெயிலை விழவைப்பதோ விடுவதோ உங்கள் இஷ்டம். எதைச் செய்தாலும் அந்தக் காகிதத்தில் ஓர் எழுத்துகூட மாறாது.