திருச்செங்கோட்டுப் பாலே

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகிற சாலையில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸில் 'கோடைக்கால பாலே பயிற்சி மற்றும் வெளிநாட்டு மேடைப் பயணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே கால் விரல் நுனியில் நிற்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அச்சடித்திருந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில், அவளைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கும்பிட்டபடி தாளாளர் ஜெயபிரகாஷ். முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கி அதைப் பார்த்ததுமே வெண்ணிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்வரைக்கும் விடவில்லை, மூக்கோடு நிறுத்திக்கொண்டாள்.

வெண்ணிலாவும் இந்தப் பக்கத்துக்காரிதான். சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் பிறந்தவள். கம்ப்யூட்டர் வேலைக்கென்று பெங்களூர் போனவள், அங்கே ஒரு நடனப் பள்ளியில் பாலே கற்றுக்கொள்ளப் போய், கடைசியில் வேலையை விட்டுவிட்டு அங்கேயே டீச்சராகிவிட்டாள். நடனப் பள்ளி இருந்த மாடியைக் காபிக்கடைக்காரன் ஒருவன் வாடகைக்குப் பிடித்துக்கொள்ள, பள்ளி மூடிப்போனது. வேறு வழியில்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் வந்தாள். வந்த நாளிலிருந்து கண்ணில் படுகிற எல்லாமே அவளுக்கு இளக்காரமாகத்தான் இருந்தது.

ஜெயபிரகாஷ் பள்ளிக்கூடம் கட்டுவதற்கு முன் நாமக்கல்லில் கோழித்தீவன ஏஜென்சி வைத்திருந்தவர். தீவனத்தை விற்ற அதே வாயால்தான் கல்வியையும் விற்றார். "பரதநாட்டியம் எல்லா ஸ்கூல்லயும் இருக்குதுங்க மிஸ். கராத்தேவும் இருக்குது. நம்ம ஸ்கூல்ல பாலேன்னா, நாமக்கல்லு வரைக்கும் பேசுவாங்க" என்றார். சுவரோரமாகப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு பழக ஒரு கம்பி வேண்டும், அதற்கு 'பார்' என்று பெயர் என்று அவள் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அந்தப் பேரு மட்டும் வெளிய வேண்டாமுங்க. பேரண்ட்ஸ் வேற மாதிரி எடுத்துக்குவாங்க."

பார் போட்டுக் கொடுத்தவர் சண்முகவேல். மூன்று போர்வெல் ரிக் லாரிக்குச் சொந்தக்காரர். வட இந்தியாவெங்கும் ஓட்டை போட்டுவிட்டு வந்தவர். அவருடைய ஒரே மகள் அன்புச்செல்வி பயிற்சியில் சேர்ந்திருந்தாள். பிள்ளைகள் பிடிக்கக் கம்பி வேண்டும் என்று தெரிந்ததும் தன் பட்டறையிலிருந்து இரும்பு பைப்பைக் கொண்டுவந்து, நின்று வெல்டு வைத்து, மயில் நீலத்தில் பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். "யானை கட்டினாலும் தாங்குமுங்க டீச்சர்" என்றார் பெருமையாக. நீ அனுப்பியிருப்பதும் யானையைத்தானே என்று வெண்ணிலா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்புச்செல்விக்குப் பதினைந்து வயது. நல்ல எலும்பும் அகன்ற தோளும் உள்ள பெண். கபடி டீமில் இருந்தவளை அப்பாவின் ஆசைக்காக இங்கே இழுத்து வந்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தங்களை ரசித்துக்கொள்வார்கள். இவள் மட்டும் கேள்வி கேட்பாள். "மிஸ், முட்டியை வெளிய திருப்பச் சொல்றீங்க, இடுப்புல இருந்து திரும்பணுமா, பாதத்துல இருந்துங்களா?" கேள்வி சரியான கேள்விதான். கேட்ட வாய்தான் வெண்ணிலாவுக்குப் பொறுக்கவில்லை. "சொல்றதைச் செய்" என்பாள்.

சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட அந்த ஹால் தோசைக்கல்லாகக் காய்ந்தது. வாசலில் அம்மாக்கள் டிபன் கேரியரோடு வரிசையாக உட்கார்ந்து, "எம்புள்ளைய முன்னால நிறுத்துங்க டீச்சர்" என்று அவள் போகும்போதும் வரும்போதும் பிடித்துக்கொண்டார்கள். வெண்ணிலா தினமும் சேலம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பெங்களூர் தோழி ஒருத்திக்குப் போனில் குரல் பதிவு அனுப்புவாள். இன்றைக்கு யார் எப்படி விழுந்தார்கள், எந்த அம்மா பாலேவைப் 'பேலட்' என்றாள் என்று நடித்துக் காட்டுவாள். தோழி சிரிப்புப் படங்களாக அனுப்புவாள். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு அன்றைய பொழுது கழிந்தது.

மே மாதத் தொடக்கத்தில் ஜெயபிரகாஷ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே இளஞ்சிவப்புப் பட்டில் பாயின்ட் ஷூ. முனையில் கட்டை போல இறுகி, போட்டவரை விரல் நுனியில் நிற்க வைக்கிற ஷூ.

"சண்முகவேல் அண்ணன் வரவழைச்சாருங்க. அவர் பொண்ணு இதுல நிக்கணும். பிளெக்ஸ்ல இருக்கற மாதிரி."

"அது வருஷக்கணக்கா பழகினவங்க போடறது சார். கால் எலும்பு, கணுக்கால் எல்லாம் அதுக்குத் தயாராகணும். இப்பப் போட்டா அடிபடும்."

"நிக்கறதுதானுங்க மிஸ். ஒரு ரெண்டு நிமிசம். போட்டோவுக்கு."

"முடியாது சார்."

அன்றைக்கு அவள் அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் ஜெயபிரகாஷ் மறுபடியும் கேட்டார். அதற்கடுத்த நாள் சண்முகவேலையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பார்க்க வெண்ணிலாவுக்கு வெறுப்பு முட்டியது. இவர்களுக்கு எடுத்துச் சொல்லி ஆகப்போவது என்ன? பிளெக்ஸில் பார்த்ததை வாங்கி வீட்டில் நிறுத்திவைக்க நினைக்கிற கூட்டம். பட்டால்தான் தெரியும் என்று நினைத்தாள். "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அன்று சாயங்காலம் அன்புச்செல்வி பெட்டியோடு வந்தாள். மற்ற பிள்ளைகள் கிளம்பியிருந்தார்கள்.

"மிஸ், இதைப் போட்டு நிக்கறதுக்கு என் காலுக்கு ஆகுங்களா? வீடியோல பார்த்தேன். நாலஞ்சு வருசம் ஆகும்னு போட்டிருந்துச்சுங்க."

வெண்ணிலா கைப்பையை மாட்டிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"உங்கப்பா வாங்கிட்டாரில்ல. நில்லு."

அந்தப் பெண் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் என்பதுதான் சரி. அடுத்த மூன்று வாரமும் தினம் ஒரு மணி நேரம் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள். விரல்களில் கொப்புளம் வந்து உடைந்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தாள். வலது பாதம் வலிக்கிறது என்று ஒருதரம் சொன்னாள். "பாலேன்னா வலிக்கும்" என்றாள் வெண்ணிலா. அதில் பொய் இல்லை. முழு உண்மையும் அதில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஜூன் தொடக்கத்தில் ஜார்ஜியா நாட்டின் திபிலிசிக்குக் கிளம்பினார்கள். பன்னிரண்டு பிள்ளைகள், ஜெயபிரகாஷ், அவர் மனைவி, அவர் மச்சான், வெண்ணிலா. கோயமுத்தூர் விமான நிலையத்தில் மாலை மரியாதை, பேனர், போட்டோ எல்லாம் நடந்தது. பாலேவுக்கும் மச்சானுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

'சர்வதேச நடன விழா' என்று பேனரில் போட்டிருந்தது ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபம். பல நாட்டிலிருந்தும் இவர்களைப் போலவே கட்டணம் கட்டி வந்த குழுக்கள். ஒரு குழு ஆடும்போது மற்ற குழுக்கள் நாற்காலியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு மேஜையில் கோப்பைகள் அடுக்கியிருந்தன. எத்தனை குழுவோ அத்தனை கோப்பை. வெண்ணிலா அதைப் படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பினாள். ஜெயபிரகாஷுக்கு இதெல்லாம் முன்னாலேயே தெரியும் என்பது அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டியதிலேயே தெரிந்தது. "ஏசி நல்லா இருக்குதுங்க" என்றார்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள், சுற்றுலாவின் ஒரு பகுதியாக, ஊரின் பழைய பாலே பள்ளி ஒன்றுக்கு வேனில் கூட்டிப்போனார்கள். உயரமான ஜன்னல்கள், தேய்ந்துபோன மரத்தரை. பிள்ளைகள் தாமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். வெண்ணிலா அந்தத் தரையைக் காலால் தடவிப் பார்த்தாள். இது என் இடம், இந்தக் கூட்டத்தோடு இங்கே வந்து நிற்க நேர்ந்ததே என்று கூசினாள். அங்கிருந்த ஆசிரியை அறுபதைத் தாண்டியவர், ஒல்லியானவர், கறுப்புக் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார். நான் இவர்களில் ஒருத்தி இல்லை என்று அவருக்கு எப்படியாவது தெரியப்படுத்த வேண்டும் என்று வெண்ணிலாவுக்கு இருந்தது. பாலேக்காரிகள் நிற்பதுபோல் முதுகை நிமிர்த்தி, பாதங்களைத் திருப்பி நின்றாள்.

ஆசிரியை பிள்ளைகளை எளிய அசைவுகள் செய்யச் சொல்லிப் பார்த்தார். கோபப்படவில்லை. ஒருத்தியின் தாடையைத் தூக்கிவிட்டார், ஒருத்தியின் முழங்கையைத் தட்டினார். பிறகு ஜெயபிரகாஷ், "ஸ்டார் பர்ஃபார்மர்" என்று அன்புச்செல்வியைப் பாயின்ட் ஷூவோடு முன்னால் தள்ளிவிட்டார். அவள் ஏறி நின்றாள். ஏறின மாத்திரத்தில் ஆசிரியை கையை உயர்த்தி நிறுத்தினார். தரையில் மண்டியிட்டு, நாடாவை அவிழ்த்து, வலது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் மெல்ல அழுத்தினார். ஓரிடத்தில் அன்புச்செல்வி மூச்சை இழுத்தாள்.

ஆசிரியை ஏதோ கேட்டார். கூட வந்த வழிகாட்டிப் பையன் ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கினான். பிறகு சொன்னான். இந்தப் பிள்ளைக்கு இதைப் போட்டுவிட்டது யார் என்று கேட்கிறாராம்.

பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வெண்ணிலாவைப் பார்த்தார்கள்.

"மிஸ்தான்" என்றார் ஜெயபிரகாஷ், சந்தோஷமாக. பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். "டான்ஸ் டீச்சர். ஃப்ரம் பெங்களூர்."

ஆசிரியை வெண்ணிலாவை ஏறிட்டார். நிமிர்த்தி வைத்திருந்த முதுகையும் திருப்பி வைத்திருந்த பாதங்களையும் ஒருதரம் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லுகிற அளவுக்குக்கூட இவள் இல்லை என்று முடிவு செய்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஷூவைப் பெட்டியில் போட்டு மூடி, அன்புச்செல்வியின் கையிலேயே கொடுத்தார். கிளம்பும்போது எல்லாருக்கும் கை கொடுத்தார். வெண்ணிலா கையை நீட்டியபோது அவர் ஜன்னலைச் சாத்தப் போய்விட்டார்.

அந்தப் பார்வை வெண்ணிலாவுக்குப் புதிதில்லை. இரண்டு மாதமாகத் தகர ஹாலில் அவள் வைத்திருந்த பார்வைதான். வாங்கிக்கொள்ளும்போது அது எப்படி இருக்கும் என்பதுதான் புதிது.

மறுநாள் மண்டபத்தில் உடை மாற்றுகிற இடத்துக்கு ஜெயபிரகாஷ் வந்தார். "அந்தக் கெழவி கெடக்கறா. அண்ணன் அங்க வீடியோ கால்ல உக்காந்திருக்காரு. ஷூவைப் போடச் சொல்லுங்க மிஸ்."

"போட வேண்டாம்" என்றாள் வெண்ணிலா. "பாதத்துல விரிசல் விட்டிருக்கலாம். இவ ஆடவே கூடாது. டாக்டர்கிட்டக் காட்டணும்."

"இதை ஊருலயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னேன்."

"ஒரு தரம் சொன்னீங்க. அப்பறம் 'உங்க இஷ்டம்'னீங்க" என்றார் ஜெயபிரகாஷ். இந்த ஒரு விஷயத்தில் அந்தத் தீவன ஏஜெண்டின் ஞாபகம் துல்லியமாக இருந்தது.

அவர் மச்சானைத் தேடிக்கொண்டு வெளியே போனார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அன்புச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். உதட்டுச் சாயம் பாதி பூசியிருந்தது.

"நான் உங்ககிட்டக் கேட்டனே மிஸ். என் காலுக்கு ஆகுங்களான்னு."

"கேட்ட."

"அப்பவே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

"அப்பறம் ஏனுங்க நிக்கச் சொன்னீங்க?"

வெண்ணிலா வாயைத் திறந்தாள். உங்கப்பா, உங்க தாளாளர் என்று ஆரம்பிக்க வந்தது. ஆரம்பிக்கவில்லை. உன்னைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை, நீ விழுந்தால் சிரிக்க ஒரு விஷயம் கிடைக்கும் என்று இருந்தேன் என்பதுதான் பதில். அதை ஒரு குழந்தையிடம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள், பார்த்துப் புரிந்தும்கொண்டாள்.

"நீங்க போன்ல எங்களை மாதிரி பேசிக் காட்டுவீங்கன்னு எல்லாருக்கும் தெரியுங்க மிஸ்" என்றாள். "பஸ்ஸுல எங்க சித்தி உங்க பின்சீட்டுல வந்தாங்க. பேசினாப் பேசிட்டுப் போகட்டும், நல்லாச் சொல்லிக் குடுத்தாப் போதும்னு விட்டுட்டோம்."

அவள் ஆடவில்லை. மீதிப் பதினொரு பேரும் ஆடினார்கள்; நடுவில் விட்ட இடத்தை நிரப்பத் தெரியாமல் மோதிக்கொண்டார்கள். கூட்டத்தில் கை தட்டினார்கள். கோப்பை கொடுத்தார்கள். வீடியோ காலில் சண்முகவேல், "பாப்பா எங்க, காணோமே" என்று கேட்டுக்கொண்டே இருக்க, ஜெயபிரகாஷ் சிக்னல் சரியில்லை என்று போனை அணைத்தார்.

ஊர் திரும்பியதும் எக்ஸ்ரே எடுத்ததில் பாதத்து எலும்பில் விரிசல் தெரிந்தது. அதே வாரம் பள்ளி வாசலில் புது பிளெக்ஸ் ஏறியது. ஊரில் முன்பே எடுத்து வைத்திருந்த போட்டோவில் அன்புச்செல்வி பாயின்ட் ஷூவில் நின்றாள். கீழே 'உலக மேடையில் நம் மாணவி'. வெண்ணிலா ஜெயபிரகாஷைப் பார்த்து அதை இறக்கச் சொன்னாள். இல்லாவிட்டால் நடந்ததைப் பெற்றோர்களிடம் சொல்லுவேன் என்றாள். "சொல்லுங்க. ஷூ போட்டுவிட்டது யாருன்னு அவங்களும் கேப்பாங்க" என்றார் அவர். அடுத்த மாதம் அவள் இடத்துக்குச் சேலத்திலிருந்து ஜிம் பையன் ஒருவன் பாலே மாஸ்டராக வந்து சேர்ந்தான்.

ஆனாலும் அவள் சண்முகவேல் வீட்டுக்குப் போனாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தான் கைவிட்டதையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் வெண்ணிலாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்புச்செல்வி மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்து, செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பாலே வகுப்பின் வீடியோ. சின்னக் குழந்தைகள் மெத்தென்ற ஷூவில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கால் சரியானதும் நான் மறுபடி சொல்லித் தரேன்" என்றாள் வெண்ணிலா. "அடியிலிருந்து. ஒழுங்கா."

"வேண்டாமுங்க மிஸ். கோயமுத்தூர்ல ஒருத்தங்க இருக்காங்களாம். அப்பா விசாரிச்சிட்டாரு. சனிக்கிழமை சனிக்கிழமை போவனுங்க" என்றாள் அந்தப் பெண். குரலில் மரியாதை ஒரு துளி குறையவில்லை. கண் போனிலிருந்து எழவும் இல்லை.

வெண்ணிலா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனையில் ரிக் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிகிறவரை ஓரமாக நின்றுவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.