வரும்போதே இப்படித்தான் இருந்தது

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு ‘வரும்போதே’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நாங்கள் சலவைக் கடை வைத்திருக்கிறோம். யாராவது சட்டையைப் பிரித்துப் பார்த்து, இதென்ன, ஒரு பொத்தானைக் காணோமே என்று கேட்டால் போதும், அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு” என்பார். சாயம் போனாலும் அதே பதில், காலர் நைந்தாலும் அதே பதில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர் பூசணித் தோட்டத்தையே மறைப்பார். ஒருமுறை அவருடைய தொப்பையைச் சுட்டிக்காட்டி, கல்யாணத்தின்போது இது இல்லையே என்றேன். என்னிடமும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதையேதான் சொன்னார்.

ஆனால் கம்பளி விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல நாக்கு வராது. சால்வையானாலும் ஸ்வெட்டரானாலும் மெஷினில் போட மாட்டார். பின்னறையில் அதற்கென்றே ஒரு தொட்டி இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் தானே அலசுவார். கடைசித் தண்ணீரில் ஒரு மூடி சாஃப்ட்னர் ஊற்றுவார். சூட்டில் போட்டுக் கசக்கினால் கம்பளி இழையோடு இழை கட்டிக்கொண்டு சிக்காகிவிடும், பிறகு அந்த ஸ்வெட்டர் பொம்மைக்குத்தான் ஆகும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்துவார். சிக்கு என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு ஆகாது.

அப்படிப்பட்டவரின் தங்கைதான் ஒரு நாள், தலைமுடியை வேண்டுமென்றே சிக்காக்கிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள்.

என் நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறாள். துணி கொண்டுபோய்க் கொடுக்கும் வேனை ஓட்டுவது அவள்தான். போன வருடம் அவளுக்கு ஒரு பெரிய காய்ச்சல் வந்தது. பிழைத்ததே பெரிது என்று ஆகிவிட்டது. உடம்பு தேறிய பிறகு முடி கொட்டத் தொடங்கியது. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வரும். காய்ச்சலுக்குப் பயப்படாதவள் சீப்புக்குப் பயந்தாள். அந்த நாட்களில் விளக்குமாறு எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாத என் வீட்டுக்காரர், அவள் எழுந்து வருவதற்குள் கூடத்தைப் பெருக்கி முடித்துவிடுவார். என்னங்க திடீரென்று என்று கேட்டேன். ஒரே தூசு என்றார்.

முடி திரும்ப வளர்ந்தது. முன்பு இல்லாத சுருளோடு கழுத்து வரைக்கும் வந்தும் விட்டது. பயம் மட்டும் போகவில்லை. சீப்பை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு விரலால் கோதிக்கொண்டு திரிந்தாள்.

எங்களிடம் துண்டு வெளுக்கப் போடும் பார்லர் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற அக்காவுக்கு இடுப்பு வரைக்கும் ட்ரெட்லாக்ஸ், சிக்குப் பிடிக்க வைத்த முடி திரி திரியாகத் தொங்கும். துண்டு கொடுக்கப் போன இடத்தில் நாத்தனார் அந்தத் திரிகளைப் பற்றி விசாரித்திருக்கிறாள். எல்லாருக்கும்தான் தினமும் முடி உதிர்கிறது, இதில் உதிர்கிற முடி வெளியே போகாது, திரிக்குள்ளேயே தங்கி அதற்குப் பலமாக இருக்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

என் வீட்டுக்காரர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். வேனை இனிமேல் நீ ஓட்டப்போகிறாயா, சாமியாரை வைத்து ஓட்டப்போகிறோமா என்று கேட்டார். முப்பது வருடமாக ஊராருடைய கம்பளியைச் சிக்காகாமல் காப்பாற்றியவன் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு அநியாயமா என்று என்னிடம் வந்து நீதி கேட்டார். கம்பளியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், தலையை அவள் பார்த்துக்கொள்வாள் என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

திரி போடும் நாளில் நானும் துணைக்குப் போனேன். மெழுகும் வேண்டாம், பசையும் வேண்டாம் என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார். உள்ளே படிந்தால் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பிசுக்கு ஒட்டாத ஷாம்பூவால் அலசி, ஈரம் போகக் காய வைத்து, தலையைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்தார். பிரிக்க ஒரு வால்சீப்பு எடுத்ததும் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வகிடு எடுக்க மட்டும்தான், இழுக்க மாட்டேன் என்று அக்கா சொன்ன பிறகுதான் பிடி தளர்ந்தது. ஒவ்வொரு கட்டத்து முடியையும் சேர்த்து முறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடியைக் கொக்கி ஊசியால் உள்ளே இழுத்துவிட்டார். இதற்கு நடுவில், துண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். காலையில்தான் ஒரு மூட்டை கொடுத்திருந்தோம். வந்தவர் முடியும் வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வேரை இறுக்கி முறுக்காதே, முடி அங்கேதான் அறும் என்றார் அக்கா. பக்கத்துப் பக்கத்துத் திரிகள் அடியில் ஒட்டிக்கொள்ளும், அலசியதும் பிரித்துவிடு. தூங்கும்போது வழுவழுப்பான துணியைச் சுற்றிக்கொள். எல்லாவற்றுக்கும் மேலே பொறுமை வேண்டும், கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

அந்தப் பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. முதல் சில வாரம் திரிகள் ஆளுக்கொரு திசையில் நின்றன. வேன் கண்ணாடியை இறக்கினால் எல்லாம் விறைத்துக்கொண்டு எழும். முள்ளம்பன்றிக்கு லைசென்ஸ் கொடுத்தது யார் என்று அண்ணன் கேட்பார். தொப்பைக்குக் கொடுத்தவர்தான் என்று தங்கை பதில் சொல்வாள்.

ஒரு நாள் அவள் அவசரமாகத் தலைக்கு ஊற்றி, ஈரத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு வேன் எடுத்துப் போய்விட்டாள். சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்ததும் என் வீட்டுக்காரரின் மூக்கு விடைத்தது. ஈர வாடை எந்த மூட்டையில் இருந்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்கு அரை மணி நேரம் கச்சேரி நடந்தது. நனைந்த துணியை மூட்டை கட்டினால் நாறும், தலை மட்டும் விதிவிலக்கா என்றார். மறுநாளே துணி காய வைக்கும் பெரிய ஃபேனுக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டார். அலசினால் துண்டை வைத்துத் திரி திரியாக ஒற்ற வேண்டும், பிழியக் கூடாது, அடிவரை காய்ந்ததா என்று அவர் தொட்டுப் பார்க்கும் வரைக்கும் ஸ்டூலை விட்டு இறங்கக் கூடாது. சிக்கை எதிர்த்துக் கொடி பிடித்தவர் சிக்குக்கே மேஸ்திரி ஆகிவிட்டார். வாடிக்கையாளர்களிடம், பாருங்கள், ஒரு பிசிறு இருக்கிறதா என்று அவள் தலையைக் காட்டிப் பெருமை பேசவும் ஆரம்பித்தார்.

திரிகள் கெட்டிப்பட்டன. தொட்டால் உள்ளே ஒரு நூல்கண்டு இருப்பதுபோல் இருந்தது. நாத்தனார் கண்ணாடி முன்னால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நிற்பதை வெகு நாளைக்குப் பிறகு பார்த்தேன். எனக்கு மனம் நிறைந்துபோனது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. திரைச்சீலை மூட்டை ஒன்றைத் தூக்கும்போது அவளுக்கு மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டார்கள். தலைக்கு ஊற்றிக்கொள்ள முடியவில்லை. நான் ஊற்றிவிடுகிறேன் என்றேன். இஸ்திரிப் பெட்டிக்காரிக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும் என்று என் வீட்டுக்காரர் என்னை ஓரம் கட்டிவிட்டார். கம்பளித் தொட்டிக்கு முன்னால் அவளைக் குனிய வைத்து, தானே அலசத் தொடங்கினார். நான் முன்னறையில் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு திடீரென்று சத்தம் நின்றுபோனது. போய்ப் பார்த்தேன்.

தொட்டியில் தண்ணீர் வெளியேறும் வாயில் ஒரு சல்லடை உண்டு. அதில் முடி அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காமல் நின்றது. நாத்தனார் நல்ல கையால் அதை அள்ளி எடுத்தாள். உள்ளங்கை நிறைந்து வழிந்தது. தலையிலிருந்த திரிகளில் பாதி நெகிழ்ந்து தொங்கின. அவள் முகத்தில், போன வருடம் சீப்பைப் பார்த்தபோது இருந்த வெளுப்பு அப்படியே திரும்பியிருந்தது.

“அண்ணி, மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு” என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவளைத் தாங்கிப் பிடிக்கக் குனிந்தபோது ஒரு வாசனை வந்தது. நாள் முழுக்க நான் தேய்த்து மடிக்கிற சால்வைகளின் வாசனை. நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். பழக்கப்பட்ட கை, கடைசித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றிவிட்டிருக்கிறது. இழையை இழையிலிருந்து வழுக்க வைக்கத்தானே அந்தச் சாஃப்ட்னரே. மாதக்கணக்காகத் திரிக்குள் தங்கியிருந்த உதிர்ந்த முடியெல்லாம் ஒரே நேரத்தில் வழுக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

இதை அவர்தான் சொல்ல வேண்டும். அவருடைய கை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியது. போச்சு என்று நினைத்தேன். இன்றைக்கு மட்டும் அந்த வார்த்தை வரட்டும், ஆளைத் தூக்கித் தொட்டியில் ஊற வைத்துவிடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

“வரும்...” என்று தொடங்கினார். தங்கையின் கையில் இருந்ததைப் பார்த்தார். கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கியது.

“நான்தான்மா கெடுத்தேன். சாஃப்ட்னர் ஊத்திட்டேன்.”

அவள் நம்பவில்லை. நம்புகிற மாதிரியான ஆளா அவர்? “எனக்காகப் பொய் சொல்லாதண்ணா. நீ என்னிக்குத் தப்ப ஒத்துக்கிட்டிருக்கே?” என்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன், அதையும் நம்ப மாட்டேன் என்றால் மனிதன் என்னதான் செய்வது என்று என்னைப் பார்த்துக் கத்தினார். சாஃப்ட்னர் கேனைத் தூக்கிவந்து ஈரமான மூடியைக் காட்டினார். முடி சொரசொரவென்று இருந்தது, கை கேட்கவில்லை, சால்வைக்கு ஊற்றுவதுபோல் ஊற்றிவிட்டேன் என்றார். தலையை மோந்து பார் என்றார். தன் குற்றத்தை நிரூபிக்க இப்படி வாதாடின ஆளை எந்தக் கோர்ட்டும் கண்டிருக்காது. அவள் ஒரு திரியை முகத்துக்குக் கொண்டுபோனாள்.

“இப்ப வேரைப் பிடிச்சு லேசா இழுத்துப் பாரு. வருதான்னு பாரு” என்றார்.

அவள் வெகுநேரம் தயங்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியோரத்தில் விரலைக் கொடுத்து இழுத்தாள். கையை விரித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு இடத்தில் இழுத்தாள். அங்கேயும் வரவில்லை. அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே, மூடியைக் கையில் நீட்டியபடி நிற்கிற அண்ணனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியத்தை வெளியே சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று இதுவரை சொல்லவில்லை.

மறுநாள் மூன்று பேருமாகப் பார்லருக்குப் போனோம். அக்கா சாஃப்ட்னர் பிசுக்குப் போகும்வரை திரும்பத் திரும்ப அலசினார். காய வைத்து, நெகிழ்ந்த திரிகளைக் கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தார். அடியில் கட்டு விடவில்லை, பிழைத்துக்கொள்ளும் என்றார். என் வீட்டுக்காரர் மடியில் துண்டு மூட்டையோடு, பரீட்சை எழுதப் போகிற பிள்ளைபோல் மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் வேண்டுமென்றே அவர் பக்கம் திரும்பவில்லை.

பாதி வேலையில் அக்கா ஊசியை நிறுத்தினார். ஒரு திரியைத் தூக்கிப் பிடித்து, “யாரும்மா இந்தத் தலைய இப்படிப் பண்ணது?” என்று கேட்டார். குரலில் நிஜமான கோபம் இருந்தது.

நாத்தனார் கண்ணாடி வழியாக மூலையைப் பார்த்தாள். அவர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார், சொல்லத்தான் போனார். அதற்குள் அவள், இல்லாத மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள்.

“வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுக்கா” என்றாள்.

என் வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். மூட்டையை அவிழ்த்து, ஏற்கெனவே மடித்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடியும் மடிக்க ஆரம்பித்தார்.